அடகு வைக்கப் போகும் முன் ஒரு கணக்கு

கேள்வி: நான் களுவாஞ்சிகுடிப் பக்கம். வயது 34. பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை. கணவர் கட்டாரில், இரண்டு பிள்ளைகள், அம்மா எங்களோடு. மருதமுனைக் கைத்தறிச் சேலைகளை வாங்கி பேஸ்புக், வட்ஸ்அப் மூலம் விற்க யோசிக்கிறேன். சென்ற வருடம் கந்தோரில் உள்ளவர்களுக்குப் பதினைந்து இருபது சேலை வாங்கிக் கொடுத்தேன், எல்லோருக்கும் பிடித்தது. மாதம் 30,000 ரூபா நிலையாக வந்தால் போதும். நகையை அடகு வைத்து மூன்று இலட்சம் எடுத்து ஒரேயடியாகச் சரக்கு இறக்கலாமா? வெப்சைட் வேண்டுமா? ஆள் வைக்காமல் தனியாகச் சமாளிக்க முடியுமா? கூரியரில் போவதைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்கிறார்களே? என் மச்சாள், இந்தத் தொல்லை எல்லாம் எதற்கு, போனில் 'டாஸ்க்' செய்தாலே காசு வரும் என்கிறா. என்ன செய்யட்டும்?

பதில்: தங்கச்சி, நகை வீட்டிலேயே இருக்கட்டும். மற்றதெல்லாம் பிறகு. கேள்வியைத் தபாலில் போட்ட கையோடு வங்கிக்குப் போகிறவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

ஒரு சேலை உங்களுக்கு 3,300 ரூபாவுக்குக் கிடைக்கிறது என்று வைப்போம். மூன்று இலட்சத்துக்குத் தொண்ணூறு சேலை வரும். தெரிந்தவர்களுக்கு ஒரு வருடத்தில் நீங்கள் கொடுத்ததே இருபதுக்குள். தெரியாதவர்களிடம் முதல் மாதம் இருபது போனாலும் மிச்சம் எழுபது அலுமாரிக்குள் இருக்கும். அடகு வட்டிக்கு அது தெரியாது, அது தன்பாட்டில் ஓடும். வட்டி நெருக்கும்போது மனிதர் செய்கிற வேலை ஒன்றுதான்: விலையைக் குறைப்பது. ஒரு முறை 3,500க்குப் போட்ட சேலையைப் பிறகு 4,300க்கு வாங்க ஒருவரும் வரமாட்டார்கள், 'எப்ப திரும்பக் குறைப்பீங்க?' என்றுதான் கேட்பார்கள்.

இனி ஒரு சேலையின் கணக்கை மட்டும் எடுப்போம். இது நான் உதாரணத்துக்குப் போடும் விலை, உங்கள் கையில் உண்மையான விலை இருக்கும், அதை வைத்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள். வாங்கியது 3,300, விற்பது 4,300, கூரியர் காசு வாங்குபவர் பொறுப்பு. கையில் 1,000 தெரியும். பொதி செய்யும் உறை, ஸ்டிக்கர், டேப் எல்லாம் 60. மருதமுனை போய்வரும் செலவைப் பங்கிட்டால் 60. பேஸ்புக் விளம்பரத்துக்குச் சேலை ஒன்றுக்கு 200 விழும் என்று வைத்தால் மிச்சம் 680.

இப்போது திரும்பி வருவதைப் பார்ப்போம். பார்சல் போய், வாங்காமல் திரும்பி வந்தால் போன காசும் வந்த காசும் உங்கள் தலையில். கம்பனிக்குக் கம்பனி வேறுபடும், 600 என்று வையுங்கள். பத்துப் பார்சலில் ஒன்று திரும்பினால் விற்ற ஒன்பதில் ஒவ்வொன்றிலும் 67 ரூபா போகும், மிச்சம் 613. பத்தில் மூன்று திரும்பினால் விற்ற ஏழும் சேர்ந்து 1,800 ரூபாவைச் சுமக்க வேண்டும், மிச்சம் 423. முதல் கணக்கில் 30,000 எடுக்க 49 சேலை. இரண்டாவதில் 71. அதே சேலை, அதே விலைதான். விளம்பரத்தில் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் இந்த வித்தியாசத்தை நீங்கள் ஈடுசெய்ய முடியாது. ஆகவே முதல் மூன்று மாதமும் உங்கள் கவனம் எத்தனை விற்றது என்பதை விட எத்தனை திரும்பியது என்பதில் இருக்கட்டும்.

தனியாக முடியுமா என்று கேட்டீர்கள். 49 சேலை முடியும், 71 முடியாது. சேலையைப் படம் எடுத்து, அளந்து, பதிவு போட்டு, பேசி, பொதி செய்து, கூரியரில் கொடுத்து, போய்ச் சேர்ந்ததா என்று கேட்க முக்கால் மணித்தியாலம் எடுக்கும். 49க்கு மாதம் 37 மணித்தியாலம், அதாவது நாளுக்கு ஒன்றேகால். கந்தோர் விட்டு வந்து, பிள்ளைகளின் பாடத்தைப் பார்த்து, அடுப்படியை ஒதுக்கிய பிறகு உங்களிடம் மிஞ்சுவது கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதோடு வாங்குகிற ஒருவருக்குப் பின்னால் வாங்காமல் விலை மட்டும் கேட்கிற ஐந்து பேர் இருப்பார்கள். 'விலை?' என்று ஒரு சொல் போட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள்தான் தனியாள் வியாபாரத்தின் நேரத்தைத் தின்பவர்கள். விலையை மறைத்து 'இன்பொக்ஸ் வாங்க' என்று போடும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியாது, நீங்கள் அதைச் செய்யாதீர்கள். விலை, நீளம், பிளவுஸ் துண்டு உண்டா இல்லையா, கூரியர் காசு எவ்வளவு, எந்த நாளில் அனுப்புவீர்கள் என்று ஐந்தையும் படத்துக்குக் கீழேயே எழுதுங்கள். கேள்வியில் பாதி குறையும்.

அனுப்பும் நாள் என்றேனே, அதை வாரத்தில் இரண்டாக வையுங்கள். செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்தால் இடையில் வரும் ஓடர் எல்லாம் அந்த நாளுக்குச் சேரும். வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். கந்தோர் நேரத்தில் யாராவது எழுதினால் 'மாலை 6 மணிக்குப் பிறகு பதில் தருவேன்' என்று அதுவே சொல்லும். அடிக்கடி சொல்லும் பதில்களைச் சேமித்து வைக்கலாம், காசு கட்டியவர், அனுப்ப வேண்டியவர் என்று ஆட்களுக்கு அடையாளம் போடலாம், சேலைகளைப் படமும் விலையுமாக அடுக்கி ஒரு பட்டியலாகவும் வைக்கலாம். அது இருக்கும்போது வெப்சைட் இப்போதைக்கு வேண்டாம். ஒருவர் செய்து தருவார், பிறகு வருடா வருடம் அதற்குக் காசு கட்ட வேண்டும், அதில் சேலை மாற்றிப் போட உங்களுக்கு நேரமும் இருக்காது.

'நிலையாக' என்று எழுதினீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 49 புது ஆட்களைத் தேடிப் பிடிப்பது நிலையான வருமானம் ஆகாது, அது ஒவ்வொரு மாதமும் புதிதாக வேலை தேடுவதற்குச் சமம். திரும்பத் திரும்ப வாங்குகிற ஒரு கூட்டம் வேண்டும். கல்யாணச் சேலை வாங்கியவர் அடுத்து எப்போது வருவார்? கைத்தறியில் அப்படி இல்லை, அதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் ஆசிரியைகளில் பெரும்பாலானவர்கள் பாடசாலைக்குச் சேலையில்தான் போகிறார்கள். வாரத்துக்கு ஐந்து நாள். வெயிலில் பஸ் ஏறி, கரும்பலகைக்கு முன்னால் நின்று, வீட்டுக்கு வந்து துவைத்துப் போட வேண்டும். அவர்களுக்குப் பாரமில்லாத, சாயம் போகாத, இஸ்திரிக்கு அடங்குகிற சேலை வேண்டும். வருடத்தில் குறைந்தது நாலைந்து வாங்குவார்கள். ஓய்வறையில் ஒருவர் கட்டிக்கொண்டு போனால் மற்றவர் கேட்காமல் விடமாட்டார், உங்கள் கந்தோரிலும் அதுதானே நடந்தது. ஆகவே 'மருதமுனைச் சேலை விற்கிறேன்' என்று எல்லோருக்கும் சொல்வதை விட்டு, 'வேலைக்குக் கட்டும் கைத்தறிச் சேலை' என்று ஒரு கூட்டத்துக்குச் சொல்லுங்கள். அவர்களில் 120 பேர் வருடத்துக்கு நாலு சேலை வாங்கினால் 480, மாதத்துக்கு 40. உங்கள் இலக்கு அதற்குள்ளேயே பெரும்பாலும் முடிந்துவிடும். அந்த 40க்கு விளம்பரச் செலவும் கிடையாது, அந்த 200 ரூபா உங்களுக்கே.

120 பேரைச் சேர்க்க ஒரு வருடம் எடுக்கும். சரி, எடுக்கட்டும். வாங்கிய ஒவ்வொருவரிடமும் உங்கள் நம்பரைச் சேமிக்கச் சொல்லுங்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வட்ஸ்அப் புரோட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை போடலாம், ஆனால் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போகும். பலர் இது தெரியாமல் 'அனுப்பினேன், ஒருவரும் பார்க்கவில்லை' என்பார்கள். அனுப்புவதும் நாள் பார்த்து அனுப்புங்கள். ஆசிரியர்களுக்கு 20ஆம் திகதியை ஒட்டி, உங்களைப் போன்றவர்களுக்கு 25ஐ ஒட்டிச் சம்பளம் விழும். 12ஆம் திகதி அனுப்பிய படத்துக்கு 'அழகு' என்று மட்டும் பதில் வரும். தைப்பொங்கல், சித்திரை, தீபாவளி தவிர, ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்தை மறக்காதீர்கள். பெற்றோர் சேர்ந்து வகுப்பாசிரியைக்குச் சேலை எடுக்கும் நாள் அது, ஒரே ஓடரில் ஏழெட்டுப் போகும்.

இப்போது சரக்கு. நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து கல்முனை பஸ்ஸில் ஏறினால் கல்லாறுகள், பெரியநீலாவணை தாண்டியதும் மருதமுனை. கொழும்பில் இருந்து இதே சேலையை விற்கிற ஒருவருக்கு இந்த வசதி இல்லை. அதை அடகுக் காசில் வீணாக்க வேண்டாம். இரண்டு நெசவு வீடுகளைப் பிடியுங்கள், கடையை அல்ல. கடையில் கைத்தறியோடு விசைத்தறித் துணியும் ஒரே தட்டில் அடுக்கியிருக்கலாம், எதையாவது கைத்தறி என்று சொல்லி விற்றுவிட்டால் பழகிய ஆசிரியை ஒருவர் ஓரத்தைத் தடவியே கண்டுபிடித்துவிடுவார்.

தறியில் ஒரு சேலைக்கென்று பாவு, அதாவது நீளவாட்டில் இழுத்துக் கட்டும் நூல், போடுவதில்லை, ஒரு பாவில் பல சேலை இறங்கும். பாவு நிறம் ஒன்றாக இருக்கும், குறுக்கே ஓடும் ஊடை நூலையும் கரையையும் மாற்றி மாற்றி நெய்வார்கள். அந்தப் பாவு முடிந்தால் அதே நிறம் திரும்ப வர மறுபடி நூலுக்குச் சாயம் போட வேண்டும், இரண்டாவது சாயம் முதலாவதைப் போல அச்சொட்டாக வராது. எனவே படத்தைப் பார்த்து 'இதே மாதிரி இன்னும் மூன்று வேணும்' என்று யாராவது கேட்டால் உடனே 'ஓம்' என்று சொல்லாதீர்கள். தறி வீட்டுக்கு ஒரு கோல் எடுத்து, பாவு இன்னும் தறியில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொரு சேலைக்கும் ஒரு இலக்கம் கொடுங்கள், படத்திலும் அதே இலக்கம், கொப்பியிலும் அதே இலக்கம். விற்ற உடனே படத்தில் 'விற்றுவிட்டது' என்று போடுங்கள். ஒரே சேலைக்கு இரண்டு பேரிடம் காசு வாங்கிவிட்டுத் தடுமாறுவது தனியாளுக்கு அடிக்கடி நடக்கும்.

தொடக்கத்தில் பத்துச் சேலை போதும், 33,000 ரூபா. அதற்கும் கடன் வேண்டாம், இரண்டு மூன்று மாதச் சம்பளத்தில் ஒதுக்குங்கள். அந்தப் பத்தில் ஏழு விற்றதும் அடுத்த பத்து. ஒழுங்காக ரொக்கம் கொடுத்து வாங்கினால் சில மாதத்தில் நெசவு வீட்டாரே 'இதையும் கொண்டுபோங்க, விற்றால் தாங்க' என்று ஐந்தாறு கூடுதலாகத் தருவார்கள். தந்தால் எடுங்கள், ஆனால் 15 நாளுக்குள் காசு அல்லது சேலை என்று நாள் சொல்லி எடுங்கள். அவர்களுக்கும் நூல் வாங்கக் காசு வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையில் சாயம் போட்ட நூல் காய மாட்டாது, தறி வேலை மெதுவாகும், வெள்ளம் வந்தால் வீதியும் நிற்கும். பொங்கலுக்குத் தேவையானதை ஐப்பசிக்குள் எடுத்துவிடுங்கள். கூடுதலாகச் சரக்கு வாங்கி வைப்பதற்கு நான் சம்மதிக்கும் ஒரே காலம் அதுதான்.

படம் எடுப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் திரும்பி வரும் பார்சலில் ஒரு பங்கு இதனால்தான். ரியூப் லைட்டுக்குக் கீழே எடுத்தால் மாம்பழ மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாகத் தெரியும், அரக்கு கறுப்பாகும். காலையில் எட்டு மணி போல் விறாந்தையில், நேர் வெயில் விழாத இடத்தில், சேலையின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுங்கள். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் சேலையின் நிறமும் சரியாக இருக்கும். பில்டர் வேண்டாம். முந்தானை விரித்து ஒன்று, கரையைக் கிட்ட வைத்து ஒன்று, யாராவது கட்டிக்கொண்டு ஒன்று. அம்மா கட்டினாலும் நல்லது, முகம் தெரியத் தேவையில்லை. அனுப்பும் முன் பகல் வெளிச்சத்தில் பத்து விநாடி வீடியோ ஒன்று எடுத்து வாங்குபவருக்கு அனுப்பி, 'சரி' என்று பதில் வந்த பிறகு பொதி செய்யுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய அந்தச் 'சரி' பிறகு வாக்குவாதம் வந்தால் உங்களுக்குக் கைகொடுக்கும்.

பொருள் கையில் கிடைத்ததும் காசு என்ற முறையில்தான் திருப்பி அனுப்புவது அதிகம். இரவு பதினொரு மணிக்கு ஆசைப்பட்டு ஓடர் போடுவார்கள், நாலு நாள் கழித்துக் கூரியர் பையன் கதவில் நிற்கும்போது கையில் காசு இருக்காது, அல்லது வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த முறையை முழுதாக நிறுத்தினால் புது ஆட்கள் நம்ப மாட்டார்கள், அதுவும் நியாயம்தான். நடுவில் ஒரு வழி: கூரியர் காசை முற்பணமாகக் கணக்கில் போடச் சொல்லுங்கள், மிச்சம் வாசலில். நானூறு ரூபா கட்டியவர் சேலையைத் திருப்புவது மிகக் குறைவு. கட்ட மறுப்பவரை விட்டுவிடுங்கள், அவர் திருப்பி அனுப்பப் போகிறவர். இரண்டு முறை வாங்கியவரிடம் முற்பணம் கேட்காதீர்கள், அது அவருக்கு ஒரு மரியாதை. வாசலில் வாங்கிய காசைக் கூரியர் கம்பனி உங்கள் கணக்குக்குப் போட நாள் எடுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அந்த இடைவெளியில் அடுத்த சரக்குக்குக் காசு இல்லாமல் முழிக்கக் கூடாது.

கணக்குக்குக் காசு போட்டதாக ஸ்லிப் படம் அனுப்புவார்கள். படத்தை நம்பாதீர்கள். திகதியும் தொகையும் மாற்றிய ஸ்லிப், பழைய ஸ்லிப், 'திங்கட்கிழமை விழும்' என்று திகதியிட்டுப் போட்டுவிட்டுப் பிறகு ரத்துச் செய்வது, எல்லாம் உண்டு. உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து இருப்பில் காசு ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பொதியைக் கட்டுங்கள். காசு அனுப்ப வேண்டும், இந்த லிங்கை அமத்துங்கள், போனுக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் வெட்டிவிடுங்கள். காசு வாங்குவதற்கு உங்கள் கணக்கு இலக்கமும் பெயரும் போதும், ஓடிபி தேவையே இல்லை. இந்த வியாபாரத்துக்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் திறந்து அதன் இலக்கத்தை மட்டும் கொடுங்கள். சம்பளக் கணக்கோடு கலந்தால் மாத முடிவில் இலாபமா சம்பளமா என்று உங்களுக்கே தெரியாது.

நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒன்று: நீங்கள் அரச உத்தியோகத்தர். அரச ஊழியருக்கான விதிகள் அடங்கிய தாபனக் கோவைப்படி உரிய அனுமதியில்லாமல் வெளியில் வியாபாரம் செய்ய முடியாது. திணைக்களத் தலைவர் ஊடாக எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். கடமை நேரத்தில் செய்யமாட்டேன், கடமையோடு தொடர்புள்ளவர்களுக்கு விற்கமாட்டேன் என்று கடிதத்திலேயே குறிப்பிடுவது நல்லது. நீங்கள் கிராமங்களில் வாழ்வாதாரப் பயனாளிகளைத் தெரிவு செய்கிறவராக இருந்தால், அதே பெண்களுக்குச் சேலை விற்பது எப்படிப் பார்க்கப்படும் என்று யோசியுங்கள். அம்மாவின் பெயரில் பதிந்துவிட்டு நீங்கள் நடத்துவதைத்தான் பலர் செய்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. மனத்தாபம் உள்ள ஒருவர் எழுதும் ஒரு பெட்டிசத்துக்கு அது தாங்காது. அம்மா உண்மையிலேயே பொதி செய்து, கணக்கு வைத்து, அவருடைய வங்கிக் கணக்கில் காசு வாங்கி நடத்துவாரென்றால் அது வேறு விஷயம்.

பக்கத்துக்கு உங்கள் சொந்தப் பெயரல்லாத ஒரு பெயரை வைத்து விற்பதென்றால் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். அது பிரதேச செயலகத்தில்தான், நீங்கள் வேலை செய்யும் கட்டடத்தில் இன்னொரு மேசை. வருமான வரிக்கு இப்போது பயப்படத் தேவையில்லை. 2025 ஏப்ரல் 1இல் தொடங்கிய வரியாண்டிலிருந்து தனிநபர் விலக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா. உங்கள் சம்பளமும் சேலையின் இலாபமும் சேர்ந்து மாதம் சராசரியாக ஒன்றரை இலட்சத்தைத் தாண்டாதவரை கட்டுவதற்கு ஒன்றும் வராது. பார்ப்பது விற்பனைத் தொகையை அல்ல, இலாபத்தை. ஆனால் எது இலாபம் என்று காட்டக் கணக்கு வேண்டும்.

உங்கள் மச்சாள் சொல்வதற்கு வருகிறேன். போனில் படத்துக்கு லைக் போடு, வீடியோவைப் பார், காசு வரும் என்பார்கள். முதல் நாள் சில நூறு ரூபா உண்மையாகவே வரும், அது தூண்டில். பிறகு 'அடுத்த மட்டத்துக்கு' 10,000 கட்டச் சொல்வார்கள், 50,000 கட்டச் சொல்வார்கள், கட்டியதை எடுக்க இன்னும் கட்டச் சொல்வார்கள். ஆள் சேர்த்தால் கமிஷன் என்று வந்தால் அது பிரமிட் திட்டம், நம் நாட்டில் வங்கிச் சட்டத்தில் தடை செய்யப்பட்டது, சேர்த்துவிடுகிறவரும் குற்றவாளி. மச்சாள் ஏற்கெனவே காசு கட்டியிருந்தால் கோபிக்காமல் விசாரியுங்கள். இன்னும் கட்டாமல் நிறுத்துவதுதான் அவசரம்.

கணக்குக்கு ஒரு சீஆர் கொப்பி போதும். ஒரு வரிக்கு ஒரு சேலை: இலக்கம், வாங்கிய திகதியும் விலையும், விற்ற திகதியும் விலையும், யாருக்கு, முற்பணம், கூரியர், திரும்பியதா, ஏன் திரும்பியது. அந்தக் கடைசிக் கட்டத்தில் 'நிறம் வேறு', 'காசு இல்லை', 'போன் எடுக்கவில்லை' என்று இரண்டு சொல் எழுதினால் போதும். விளம்பரக் காசையும் பஸ் காசையும் பின்பக்கத்தில் எழுதுங்கள். முதல் மூன்று மாதம் இலாபத்தில் ஒரு சதமும் வீட்டுச் செலவுக்கு எடுக்காதீர்கள், அது அடுத்த பத்துச் சேலைக்குப் போகட்டும். மாதம் 30,000 என்பது முதல் வருடக் கடைசியில் எதிர்பார்க்கக்கூடிய தொகை, அதற்கு முன் 8,000, 12,000 என்று வந்தாலே வேலை சரியாகப் போகிறது.

மூன்று மாதம் முடிந்ததும் அந்தக் கொப்பியின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள், வாங்கியவர்களின் பெயரையும் நம்பரையும் மறைத்துவிட்டு. இரண்டாவது முறை வந்து வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள், நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.